கடலடிச் சேற்றில் நஞ்சு இருக்கிறதா? உயிரிச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் கடல் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்குப் பியூஜெட் சவுண்ட் என்று பெயர். சியாட்டில், டகோமா துறைமுகங்கள் அதன் கரையில்தான் இருக்கின்றன. கடலடிச் சேற்றை உயிரிகளைக் கொண்டு சோதிப்பது அங்கே ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்தோடு நின்றுவிடவில்லை. அது சட்டம், தினசரி வேலை. அந்த வட்டாரத்து ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் ஜாடி கழுவி, சோதனைக்கு விடும் சிறு கடற்பூச்சிகளை எண்ணி, அறிக்கை எழுதியிருக்கிறேன். நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன்.

தண்ணீரைச் சோதித்தால் போதாதா? சேற்றை ஏன் தோண்ட வேண்டும்?

பாதரசம், செம்பு, ஈயம், டிடிடி என்ற பூச்சிமருந்து, பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபி, எண்ணெயிலும் கரிப்புகையிலும் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை தண்ணீரில் கரைந்து அலைவதைவிட நுண்ணிய மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிவதையே விரும்புகின்றன. காலையில் எடுத்த தண்ணீர் மாலை ஓதத்தோடு போய்விடும். சேறு அங்கேயே கிடக்கும். தண்ணீர் அன்றன்றைய சில்லறைக் கணக்கு என்றால் சேறுதான் பேரேடு.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் துறைமுகத்தில் லாரிட்சன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. அதன் கரையில் 1947 முதல் 1966 வரை பூச்சிமருந்து கலக்கும் ஆலை ஒன்று நடந்தது. ஆலை மூடி முப்பது ஆண்டுகள் ஆன பிறகு, 1996-97இல், டிடிடி ஏறிய சேற்றை வாரி எடுக்க வேண்டியிருந்தது. வாரிய பிறகும் அங்கே டிடிடி மீண்டும் தலைகாட்டியது.

இந்தச் சோதனையை யார் கேட்கிறார்கள்?

பெரும்பாலும் துறைமுகங்கள். கப்பல் வந்துபோக ஆழம் வேண்டும், ஆழத்துக்குத் தூர்வார வேண்டும், வாரிய சேற்றை எங்காவது கொட்ட வேண்டும். கடலில் கொட்டலாமா என்ற கேள்வியில்தான் இந்தத் தொழிலே பிறந்தது. கழிவுகளைக் கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையும், அமெரிக்காவின் கடல் கொட்டுதல் சட்டமும் 1972ஆம் ஆண்டுப் பிறப்பு. பியூஜெட் சவுண்டில் சேறு கொட்ட எட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தில் கொட்டிய சேறு அப்படியே தங்கும், மூன்றில் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். எந்தச் சேறு அங்கே போகலாம், எது கரையேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டத்தில்தான் எங்கள் ஜாடிகளுக்கு வேலை.

இன்னொரு பக்கம் பழைய ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் வழக்குகள். டகோமாவின் கமென்ஸ்மென்ட் விரிகுடா 1983இல் நாட்டின் அபாயகரமான கழிவிடங்கள் பட்டியலில் ஏறியது. 1991இல் வாஷிங்டன் மாநிலம் கடலடிச் சேற்றுக்கென்றே தர விதிகளை வகுத்தது.

வேதியியல் பகுப்பாய்வு இருக்கும்போது உயிரி எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

வேதியியல் கருவி, சேற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும். அது அங்கே வாழும் உயிருக்குள் போகுமா என்று சொல்லாது. காட்மியத்தை எடுத்துக்கொள்வோம். காற்றுப் படாத கறுத்த சேற்றில் சல்பைடு நிறைய இருக்கும். காட்மியம், செம்பு, நிக்கல், ஈயம், துத்தநாகம் ஆகியவை அந்தச் சல்பைடோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். 1990இல் டி டோரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டியது இதுதான்: அமிலத்தில் வெளிவரும் சல்பைடின் அளவு உலோகத்தின் அளவைவிடக் கூடுதலாக இருந்தால், மொத்தக் காட்மியம் எவ்வளவு இருந்தாலும் சேற்றுயிர்கள் பிழைத்துக்கொள்கின்றன. அதே சேற்றைக் கிளறிக் காற்றுப்பட வைத்தால் கதை மாறும். ஆய்வக அறிக்கையில் இரண்டு முறையும் காட்மியத்தின் எண் ஒன்றேதான்.

இரண்டாவது, கருவி நாம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். நூறு வேதிப்பொருள்களின் பட்டியல் கொடுத்தால் நூறுக்கும் எண் வரும். நூற்றொன்றாவது ஆளைக் கொல்கிறது என்றால் அறிக்கையில் அது வராது. பூச்சி பட்டியல் பார்ப்பதில்லை.

மூன்றாவது, கலவை. 1995இல் லாங் குழுவினர் வெளியிட்ட வழிகாட்டி எண்களை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். பாதரசத்துக்கு ஒரு கிலோ உலர் சேற்றில் 0.15 மில்லிகிராம் கீழ் அளவு, 0.71 மேல் அளவு. கீழ் அளவுக்குக் கீழே இருந்தால் பாதிப்பு அரிது, மேல் அளவுக்கு மேலே போனால் பாதிப்பு அடிக்கடி. நடுவில் இருந்தால்? நிஜத் துறைமுகச் சேறு பல நேரம் நடுவில்தான் விழுகிறது. அதுவும் பத்துப் பொருள்கள் ஒன்றாக நடுவில் விழுகின்றன.

வாஷிங்டன் விதிகள் இங்கே துணிச்சலாக ஒரு முடிவெடுத்தன. கடலடி உயிர்களைப் பொறுத்தவரை, வேதியியல் எண்ணும் உயிரிச் சோதனையும் முரண்பட்டால் உயிரி சொல்வதே செல்லும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அது விசித்திரமாகப் பட்டது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியை, அரிசி அளவுள்ள ஒரு பூச்சி மறுத்துப் பேசலாம் என்றல்லவா சட்டம் சொல்கிறது! இப்போது அது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பூச்சியிடம் கேட்கும் விதமாகக் கேட்க வேண்டும். கீழே உள்ள பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான்.

எந்த உயிரிகளைப் பயன்படுத்துகிறீர்கள்?

முதலிடம் ஆம்பிபாடுகளுக்கு. இறாலின் தூரத்து உறவு, பக்கவாட்டில் தட்டையான உடல், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம். கடற்கரையில் ஈரப்பாசியைத் தூக்கினால் துள்ளி ஓடும் பூச்சிகளின் இனம்தான். சேற்றுக்குள்ளேயே வாழும், சேற்றையே கிளறித் தின்னும், எண்ணெய் கசிந்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

பசிபிக் கரையில் பழைய நட்சத்திரம் ரெபாக்சினியஸ் அப்ரோனியஸ். இதை வைத்துப் பத்து நாள் சோதனையை 1980களில் ஓரிகான் கரையில் ஸ்வார்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். பிறகு ஈயோஹஸ்டோரியஸ் எஸ்டுவாரியஸ் வந்தது. கழிமுகத்தில் வாழ்வதால் உப்பு கூடினாலும் குறைந்தாலும், மணலானாலும் களியானாலும் தாங்கும். அட்லான்டிக் பக்கம் குழாய் கட்டி வாழும் ஆம்பெலிஸ்கா அப்டிடா. ஐரோப்பாவில் கொரோபியம்.

இவை தவிர, இருபது நாள் வளர்ச்சிச் சோதனைக்கு நியாந்தஸ் என்ற கடற்புழுவின் குஞ்சு, சிப்பியின் கரு, மணல் டாலர் என்று அவர்கள் அழைக்கும் தட்டையான கடல் முள்ளெலியின் கரு, ஒளிரும் பாக்டீரியா. ஒரே உயிரியை நம்பி முடிவெடுப்பதில்லை. ஒன்றுக்குச் செம்பு ஆகாது, இன்னொன்றுக்குப் பூச்சிமருந்து ஆகாது.

பத்து நாள் சோதனை எப்படி நடக்கும்?

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. அடியில் 175 மில்லிலிட்டர் சேறு, அதாவது இரண்டு சென்டிமீட்டர் உயரம். மேலே 800 மில்லிலிட்டர் வடிகட்டிய கடல்நீர். ஊற்றும்போது சேறு கலங்காமலிருக்க வட்டமான தகடு ஒன்றைச் சேற்றின்மேல் வைத்து அதன்மேல் ஊற்றுவோம், தோசைக்கல்லில் மாவு விடும் பக்குவத்தோடு. ஓர் இரவு அடங்க விட்டு, மறுநாள் ஒவ்வொரு ஜாடியிலும் இருபது ஆம்பிபாடு. ஒவ்வொரு சேற்றுக்கும் ஐந்து ஜாடி, ஆக நூறு உயிர். எந்த ஜாடியில் எந்தச் சேறு என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. ஜாடிமேல் குறியெண் மட்டும், அதுவும் வரிசை கலைத்து.

பிறகு 15 டிகிரி செல்சியஸ் அறையில் பத்து நாள். இரவும் பகலும் விளக்கு எரியும், ஏனென்றால் வெளிச்சத்தில் இவை சேற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே காற்றுக் குமிழி. தீனி கிடையாது.

தினமும் காலையில் ஒவ்வொரு ஜாடியையும் எட்டிப் பார்ப்போம். நல்ல சேற்றில் ஒன்றும் தெரியாது, நீர் தெளிந்து நிற்கும், பூச்சிகள் உள்ளே போய்விட்டிருக்கும். கெட்ட சேற்றில் மூன்றாம் நாளே சில வெளியே வந்து மேற்பரப்பில் ஒருக்களித்துக் கிடக்கும். உள்ளே போவதைவிட வெட்டவெளியில் கிடப்பது மேல் என்று அவை முடிவெடுத்துவிட்டன. இறப்புக் கணக்கைவிட எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் சொன்னது. சில சமயம் நீரின் மேல்படலத்தில் ஒன்றிரண்டு சிக்கி மிதக்கும். அது நஞ்சல்ல, நீர்ப்பரப்பின் இழுவிசை. ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு அழுத்தினால் இறங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்காத ஆய்வகத்தில் அந்த மிதக்கும் பூச்சிகள் வீணாகச் சாகும்.

பத்தாம் நாள் எப்படி எண்ணுவீர்கள்?

ஜாடியின் சேற்றை அரை மில்லிமீட்டர்க் கண்ணுள்ள சல்லடையில் கொட்டி மெல்ல நீர் விட்டு அலச வேண்டும். சேறு போய், கிளிஞ்சல் தூளும் மரச்சில்லும் பூச்சிகளும் தங்கும். அதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குனிந்து உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் வரை எண்ணலாம். காலசைக்கிறதா, வயிற்றடி நீச்சல்கால்கள் துடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் நுண்ணோக்கியின் கீழே.

இருபது போட்டோம், பதினாறு உயிரோடு, ஒன்று பிணமாக. மீதி மூன்று எங்கே? செத்துக் கரைந்துவிட்டன. குளிர்நீரானாலும் இவ்வளவு சிறிய உடல் சில நாளில் கரைந்துவிடும். ஆகவே காணாமல் போனவை செத்தவை என்றே கணக்கு. அதனால்தான் முதல்நாள் இருபதை எண்ணிப் போடுபவர் பத்தொன்பது போட்டுவிட்டால், பத்து நாள் கழித்து ஒரு துறைமுகத்தின் தலையில் இல்லாத ஒரு சாவு விழுகிறது. நாங்கள் சிறு கிண்ணத்தில் எண்ணிவைத்து, வேறொருவர் மறுபடி எண்ணிய பிறகுதான் ஜாடியில் விடுவோம்.

பிழைத்தவற்றுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. சுத்த மணலில் விட்டு ஒரு மணிநேரத்துக்குள் புதைகின்றனவா என்று பார்ப்பது. உயிர் இருந்தும் புதையத் தெம்பில்லாத பூச்சி, கடலில் அடுத்த மீனின் வாய்க்குள்தான் போகும்.

எத்தனை செத்தால் சேறு நச்சு?

இங்கே இரண்டு வகைச் சேற்றைப் பிரித்தறிய வேண்டும். பலர் குழப்பிக்கொள்வது இதில்தான்.

கட்டுப்பாட்டுச் சேறு என்பது பூச்சியைப் பிடித்த இடத்துச் சொந்த மணல். அதில் நூற்றில் பத்துக்கு மேல் செத்தால் கோளாறு சேற்றில் அல்ல, எங்களிடம். மொத்தச் சோதனையும் குப்பைக்கு. ஒப்பீட்டுச் சேறு என்பது சோதிக்கும் சேற்றைப் போலவே களியும் கரிமமும் உள்ள, ஆனால் தொழிற்சாலை அண்டாத இடத்துச் சேறு. பியூஜெட் சவுண்டில் இதற்குப் பெயர்போன இடம் கார் இன்லெட். சோதனைச் சேற்றை இதோடுதான் ஒப்பிட வேண்டும். மணலில் வாழும் பூச்சியைக் களியில் போட்டால் களிக்காகவே சில சாகும். அந்தச் சாவைக் கழித்துவிடத்தான் ஒப்பீட்டுச் சேறு.

கணக்கு இப்படி. கட்டுப்பாட்டில் 3, ஒப்பீட்டில் 9, துறைமுகச் சேற்றில் 31 சதவீதம் செத்தன என்று வைத்துக்கொள்வோம். வாஷிங்டன் விதியில் ஆம்பிபாடுக்கு இரண்டு படிகள். முதல் படி: இறப்பு ஒப்பீட்டைவிடப் புள்ளியியல்படி கூடுதலாக இருக்க வேண்டும், 25 சதவீதத்தையும் தாண்ட வேண்டும். நம் சேறு இதில் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் படி: ஒப்பீட்டைவிட 30 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். 31இல் 9 போனால் 22. இதில் தப்பித்துவிடும். ஆனால் கரு அல்லது புழுச் சோதனையிலும் முதல் படியில் மாட்டினால், இரண்டு சேர்ந்து இரண்டாம் படிக்குச் சமம். அப்போது அந்த இடத்தைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச வேண்டியதுதான்.

கருவை வைத்துச் சோதிப்பது எப்படி?

முள்ளெலியின் உடலில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியால் ஏற்றினால் சில நிமிடங்களில் முட்டையையோ விந்தையோ விட்டுவிடும். 18 கிராம் சேற்றைக் கடல்நீரில் போட்டுக் குலுக்கி, நான்கு மணிநேரம் அடங்கவிட்டு, கருவுற்ற முட்டைகளை மேலே விடுவார்கள். இரண்டு முதல் நான்கு நாளில் நல்ல நீரில் அவை ஒழுங்கான வடிவம் எடுக்கும். முள்ளெலிக் குஞ்சு கூடாரக் கம்பிகள் போலக் கைநீட்டும், சிப்பிக் குஞ்சு ஆங்கில டி எழுத்து போல நேர்முதுகுள்ள ஓடு கட்டும். கெட்ட நீரில் கோணல் உருண்டைகள். ஒப்பீட்டுச் சேற்றில் ஒழுங்காக வளர்ந்ததில் 85 சதவீதமாவது இங்கேயும் வளர வேண்டும்.

நுட்பமான சோதனை, அதே அளவு கோபித்துக்கொள்ளும் சோதனையும்கூட. பஞ்சுபோன்ற மெல்லிய சேறு மெதுவாகப் படியும்போது குஞ்சுகளை மூடி அமுக்கிவிடும். மேலிருந்து நீரை எடுத்து எண்ணினால் குஞ்சே இல்லை, நஞ்சு என்று எழுதிவிடுவோம். அடியில் எல்லாம் உயிரோடு புதைந்து கிடக்கும். இதற்காகவே கடைசியில் மெல்லக் கலக்கிவிட்டு எண்ணும் மாற்றுமுறை பியூஜெட் சவுண்டில் புழக்கத்துக்கு வந்தது.

ஒளிரும் பாக்டீரியா சோதனை நம்பத்தக்கதா?

விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா தானே ஒளிவிடும். நஞ்சு பட்டால் ஒளி மங்கும். 15 டிகிரியில், ஐந்து முதல் முப்பது நிமிடத்தில் முடிவு. நூறு இடங்களில் எது மோசம் என்று முதலில் வடிகட்ட அருமையான கருவி. அதை மட்டும் வைத்து ஒரு சேற்றுக்குத் தீர்ப்பெழுத நான் ஒப்பமாட்டேன்.

சுத்தமான சேற்றிலும் உயிரி சாகுமா?

சாகும். தாராளமாகச் சாகும். இந்தத் தொழிலின் தலைவலியே அதுதான்.

முதல் குற்றவாளி அம்மோனியா. இலையும் பாசியும் மக்கும் எந்தச் சேற்றிலும் அது இயல்பாகவே ஊறும். வாளியில் மூடிவைத்தால் இன்னும் ஏறும். பி.எச் கூடினால் அதே அம்மோனியா பல மடங்கு கொடியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் கையேடு மொத்த அம்மோனியாவுக்கு ரெபாக்சினியஸுக்கும் ஆம்பெலிஸ்காவுக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம், ஈயோஹஸ்டோரியஸுக்கு 60 என வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் பூச்சியை விடும்முன் மேல்நீரைத் தினமும் மாற்றி அம்மோனியாவை இறக்க வேண்டும்.

ஒருமுறை எங்களிடம் வந்த சேறு ஒன்றில் ஐந்து ஜாடியிலும் ஏறத்தாழ எல்லாம் செத்துவிட்டன. வேதியியல் அறிக்கையோ பளிச்சென்று சுத்தம். வாடிக்கையாளர் கொதித்துப்போனார். அம்மோனியாக் குறிப்பேட்டைத் திருப்பினால், முதல்நாள் அளவு எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எழுத வேண்டியவன் நான். மறுபடி சேறு எடுத்து, மறுபடி பூச்சி பிடித்து, எல்லாம் முதலிலிருந்து. அன்றிலிருந்து ஜாடியில் பூச்சியை விடும்முன் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

மற்றவை: அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, குறைந்த ஆக்சிஜன், சேற்று நீரின் உப்பு அளவு, மணலின் பருமன். ரெபாக்சினியஸுக்கு மிகமெல்லிய களி பிடிக்காது, ஆம்பெலிஸ்காவுக்குப் பருமணல் பிடிக்காது. சேற்றோடு உயிருடன் வரும் பெரிய புழு ஒன்று சோதனைப் பூச்சிகளைத் தின்றுவிடுவதும் உண்டு. அதனால் சேற்றை ஜாடியில் இடும்முன் கையால் தேடிப் பெரிய உயிர்களைப் பொறுக்கிவிடுகிறோம்.

பூச்சிகளே பலவீனமாக வந்திருக்கலாம். அதற்குத்தான் ஒவ்வொரு கூட்டத்தையும் தனியே காட்மியக் கரைசலில் நான்கு நாள் வைத்து, வழக்கமான அளவில்தான் சாகின்றனவா என்று பார்ப்பது.

செத்தது தெரிகிறது. எந்த நஞ்சு கொன்றது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், துப்பறியும் வேலைபோல. சேற்றைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவகை நஞ்சை மட்டும் பிடித்துவைத்துவிட்டுப் பூச்சிகளை விடுவார்கள். எந்தப் பங்கில் பிழைக்கின்றனவோ, அந்தவகைதான் குற்றவாளி. உலோகத்துக்கு அயனி மாற்றுப் பிசின். அம்மோனியாவுக்கு ஜியோலைட் என்ற கனிமம், அல்லது உல்வா என்ற பச்சைக் கடற்பாசி, அது அம்மோனியாவைத் தின்றுவிடும். டிடிடி, எண்ணெய் போன்ற கரிமப் பொருள்களுக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரித்தூள். ஆம், அமெரிக்க அரசின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே அப்படித்தான் இருக்கிறது. முதன்முதலில் அந்தக் கறுப்புத் தூளை எடைபோட்டபோது, ஊரில் இஸ்திரிப் பெட்டியில் போடும் சிரட்டைக் கரி ஞாபகம் வந்தது.

சோதனையில் தேறிவிட்டால் அந்த இடத்து மீனைச் சாப்பிடலாமா?

கூடாது, இரண்டும் வேறு கேள்விகள். பத்து நாள் சோதனை ஆம்பிபாடு சாகிறதா என்று மட்டும் பார்க்கிறது. மெத்தில் பாதரசமும் பிசிபியும் பூச்சியைக் கொல்லாமலே அதன் உடலில் ஏறி, மீனில் பெருகி, மனிதரிடம் வந்து சேரும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசத்தால் நடந்தது அதுதான். கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை தூர்வார வேண்டியிருந்தது: சுமார் 15 லட்சம் கனமீட்டர் சேறு, 58 ஹெக்டேர் விரிகுடா நிலமாக மாறியது.

உடலில் சேருமா என்று பார்க்க வேறு சோதனை உண்டு. மட்டியையும் பெரிய கடற்புழுவையும் 28 நாள் சேற்றில் வைத்து, பிறகு அவற்றின் சதையையே அரைத்துப் பகுப்பாய்வு செய்வது. வாஷிங்டனிலும் மனித உடல்நலத்துக்கான கேள்வியை ஆம்பிபாடு தீர்த்துவைத்துவிட முடியாது.

சேற்றை எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கடலடியில் செல்லாது. பத்து மீட்டர் தள்ளி எடுத்தால் வேறு சேறு. வான் வீன் என்ற தாடைபோன்ற எஃகுக் கருவியைக் கயிற்றில் இறக்கி, மேல் பத்து சென்டிமீட்டரை எடுப்பது அங்கே வழக்கம், உயிர்கள் வாழ்வது அந்தப் படலத்தில்தான். தாடை சரியாக மூடாமல் நீர் ஒழுகினால் மேலேயுள்ள மெல்லிய சேறு ஓடிவிட்டது என்று பொருள். நஞ்சு அதில்தான் இருந்திருக்கும், அந்த மாதிரியைக் கடலிலேயே கொட்டிவிட வேண்டும். பிறகு இருட்டில், 4 டிகிரியில், வாளியில் காற்றுக்கு இடமில்லாமல். இரண்டு வாரத்துக்குள் சோதிப்பது நல்லது, எட்டு வாரம் கடைசிக் கெடு. உறையவிடக் கூடாது.

சுத்தம் செய்ததால் பலன் இருந்த இடம் ஏதாவது உண்டா?

சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவில் ஈகிள் ஹார்பர். மரக்கட்டைகள் மக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றும் ஆலை அங்கே பல பத்தாண்டு நடந்து 1988இல் நின்றது. அடியில் வாழும் இங்கிலீஷ் சோல் என்ற நாக்குமீன் வகையின் ஈரல்களில் கட்டிகள் கண்டன. 1993-94இல் அந்தச் சேற்றின்மேல், ஸ்னோஹோமிஷ் ஆற்றில் தூர்வாரிய சுத்தமான சேற்றைப் போர்வைபோல் போட்டு மூடினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பிடித்துப் பார்த்த மீன்களில் ஈரல் புண்கள் வெகுவாகக் குறைந்தன. சோதனையில் தேறிய ஓர் இடத்துச் சேறு, இன்னோர் இடத்துக்கு மருந்தான கதை எனக்குப் பிடித்த கதைகளில் ஒன்று.

எண்ணூர்க் கழிமுகத்தில் இதே சோதனையைச் செய்ய முடியுமா?

நான் சென்னைக்காரன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது இது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயும் இருக்கிறது. உயிரிச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான சேறு கிடைப்பது கடினம்.

ஆனால் 15 டிகிரிக்குப் பழகிய ஓரிகான் பூச்சியை விமானத்தில் கொண்டுவந்து எண்ணூர்ச் சேற்றில் போடுவது வீண். 28, 30 டிகிரி நீரில் அது நஞ்சே இல்லாமல் செத்துவிடும். நம் உப்பங்கழிகளிலேயே கிராண்டிடியரெல்லா பேரின ஆம்பிபாடுகள் வாழ்கின்றன. அந்தப் பேரினத்து ஜப்பானிய வகை ஒன்றைச் சோதனைக்கே பயன்படுத்துகிறார்கள், ஆகவே வழி இல்லாமல் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எண்ணெயில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் புற ஊதா ஒளி பட்டால் பல மடங்கு கொடியவை ஆகும். பியூஜெட் சவுண்டின் ஆழ்ந்த இருட்டுச் சேற்றுக்கு ஆய்வகக் குழல்விளக்கு போதும். முழங்கால் ஆழத்தில் நண்பகல் வெயில் அடிக்கும் கழிமுகத்துக்குப் போதாது, ஆய்வகத்தில் தேறிய சேறும் வெயிலில் கொல்லலாம்.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் அழுக்கில்லாத உப்பங்கழி ஒன்றைத் தேடி, அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் உள்ளூர்ப் பூச்சியைப் பிடியுங்கள். அதன் சொந்த மண்ணிலேயே, உங்கள் ஆய்வக ஜாடியில், பத்து நாள் வளர்த்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்க வேண்டும். முதல் தடவை அறுபதுகூடக் கிடைக்காது. எண்ணிப் போட்டவர் யார், குமிழி நின்ற இரவு எது, உப்பு எவ்வளவு என்று தேடுங்கள். தொடர்ந்து மூன்று முறை தொண்ணூறு கிடைக்கும் வரை எண்ணூர்ச் சேற்று வாளியைத் திறக்க வேண்டாம்.